போர் தண்ணீரில் ஃப்ளோரைடு எவ்வளவு? ஒரு எல்இடி, ஒரு ஒளி உணரி, ஒரு கருப்புப் பெட்டி

ஒழலப்பதிப் பக்கத்திலிருந்து ஒரு அக்கா இரண்டு பாட்டிலோடு கடைக்கு வந்தார். கேரள எல்லையோர வேலந்தாவளத்தில் மொபைல், மிக்ஸி, மோட்டார் ஸ்டார்ட்டர் என்று வருவதையெல்லாம் பழுது பார்ப்பவன் நான். "தம்பி, இது கிணத்துத் தண்ணி, இது போர் தண்ணி. போர் தண்ணியில ஃப்ளோரைடு எவ்வளவுன்னு கிட்டு வெச்சுப் பார்த்தாங்க. ஒருத்தி ஒண்ணுங்கறா, பக்கத்துல நின்னவ ஒண்ணரைங்கறா. நீ மீட்டரெல்லாம் வெச்சிருக்கியே, பார்த்துச் சொல்லு."

மல்டிமீட்டரை வைத்து ஃப்ளோரைடைப் பார்க்க முடியாது என்று அவரிடம் சொன்னேன். ஆனால் அவர் கேட்டது நியாயமான கேள்வி. இந்தியக் குடிநீர்த் தரம் ஐஎஸ் 10500, ஃப்ளோரைடு லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை இருக்கலாம் என்கிறது. வேறு தண்ணீர் இல்லாத இடத்தில் 1.5 வரை. ஆக, ஒன்றா ஒன்றரையா என்பதில்தான் முழு விஷயமும் இருக்கிறது. கிட்டோடு வரும், தண்ணீரின் நிறத்தை ஒப்பிட்டுப் பார்க்கும் அட்டையில் அவை இரண்டும் பக்கத்துப் பக்கத்துக் கட்டங்கள். வெயிலில் நின்று பார்த்தால் ஒரு கட்டம், திண்ணை நிழலில் பார்த்தால் இன்னொரு கட்டம். கிட்டில் குறை இல்லை. நம் கண் அளக்கும் கருவி இல்லை, அவ்வளவுதான்.

கண்ணுக்குப் பதிலாக ஒளி உணரியை வைத்தால் அதே வேதியியல் எண்ணாக மாறிவிடும். ஆய்வகத்தில் இருக்கும் நிறமானி செய்வதும் இதைத்தான். ஆயிரம் ரூபாய்க்குக் கொஞ்சம் முன்பின்னாகப் பாகங்கள் வாங்கி நான் கட்டிய பெட்டியை, நான் செய்த தப்புகளோடு சேர்த்து இங்கே எழுதுகிறேன். ஒன்றை மட்டும் இப்போதே சொல்லிவிடுகிறேன்: இதில் எளிதான பாகம் உணரிதான். நேரத்தையெல்லாம் தின்றது பெட்டிக்குள் வேண்டிய இருட்டும், ஒப்பிட்டுப் பார்க்க ஃப்ளோரைடு அளவு தெரிந்த கரைசல்களும்.

நம்ம பக்கத்துத் தண்ணீரில் மட்டும் ஏன்?

கேரளா என்றதும் எல்லோருக்கும் மழைதான் ஞாபகம் வரும். சித்தூர் தாலுகாவின் கிழக்கு ஓரமான கொழிஞ்சாம்பாறை, வடகரப்பதி, எருத்தேம்பதிப் பக்கம் வந்து பார்த்தால் பொள்ளாச்சிக் காடு மாதிரிதான் இருக்கும். பாலக்காட்டுக் கணவாயின் வாயில் இருக்கிறோம், ஆனால் மழை குறைவு. பேச்சும் தமிழ், வறட்சியும் தமிழ்நாட்டு வறட்சி. கிணறு வற்ற வற்ற போர் ஆழமாகப் போகிறது. கீழே இருப்பது நைஸ் என்ற பாறை வகை. அதிலுள்ள பயோட்டைட், ஹார்ன்பிளெண்ட், அபடைட் போன்ற கனிமங்களில் ஃப்ளோரைடு இருக்கும். தண்ணீர் பாறை வெடிப்பில் நெடுநாள் தங்கினால் அது கரைந்து வரும். மேல்கிணற்றை விட ஆழ்குழாயில் பெரும்பாலும் அளவு கூடுதலாக இருப்பதற்கு இதுதான் காரணம்.

இதற்கு ருசியும் இல்லை, வாசமும் இல்லை. சப்பைத் தண்ணி என்று நாக்கு சொல்வது உப்பைத்தான், ஃப்ளோரைடை நாக்கு கண்டுபிடிக்காது. கொதிக்க வைத்தாலும் போகாது. தண்ணீர் ஆவியாகி மிச்சத்தில் அளவு கூடத்தான் செய்யும். சின்ன வயதில் இந்தத் தண்ணீரைக் குடித்து வளரும் பிள்ளைகளின் பல்லில் காவிக் கோடு விழும். இதைவிட அதிக அளவு பல வருடம் உள்ளே போனால் எலும்பும் மூட்டும் இறுகும்.

பெட்டி எதை அளக்கிறது

ஸ்பேண்ட்ஸ் என்று ஒரு சாயம் உண்டு. அமிலத்தில் அதைச் சிர்கோனியத்தோடு சேர்த்தால் அடர்சிவப்பாக ஒரு கூட்டுப்பொருள் உண்டாகும். ஃப்ளோரைடுக்குச் சிர்கோனியத்தின் மேல் ஆசை அதிகம். சாயத்திடமிருந்து அதைப் பிடுங்கிக்கொண்டு நிறமில்லாத பொருளாகிவிடும். எனவே தண்ணீரில் ஃப்ளோரைடு எவ்வளவு கூடுதலோ, அவ்வளவு நிறம் வெளுக்கும். இந்த வெளுப்பு 570 நானோமீட்டர் அலைநீளத்தில், அதாவது மஞ்சள் கலந்த பச்சை ஒளியில், தெளிவாகத் தெரியும்.

ஒரு பக்கம் அந்த நிற எல்இடி, நடுவில் கரைசல், எதிர்ப்பக்கம் உணரி. வெளுத்த கரைசல் வழியாக அதிக ஒளி வரும். பூகே 1729இலும் லாம்பர்ட் 1760இலும் பீர் 1852இலும் சொன்னதைச் சேர்த்துத்தான் இன்று பீர்–லாம்பர்ட் விதி என்கிறோம். கரைந்திருக்கும் பொருளின் அளவோடு நேர்விகிதத்தில் போவது வரும் ஒளி இல்லை, அந்த ஒளியின் மடக்கை (லாக்). இதை மறந்து வெறும் ஒளி எண்ணையே வரைபடமாகப் போட்டால் கோடு வளையும்.

எல்இடி வாங்கும்போது ஏமாறாதீர்கள்

என் முதல் பெட்டி இதில்தான் படுத்தது. கடையில் "பச்சை எல்இடி" என்று கேட்டேன், பளபளவென்று எரிவதைக் கொடுத்தார்கள். பெட்டி கட்டி, கரைசல் கலக்கி அளந்தால், ஃப்ளோரைடு இல்லாத தண்ணீருக்கும் ஒரு மில்லிகிராம் இருப்பதற்கும் எண் கிட்டத்தட்ட ஒன்றாகவே வந்தது. இரண்டு நாள் நிரலைக் குடைந்தேன். நிரலில் ஒரு தப்பும் இல்லை.

விஷயம் என்னவென்றால், பச்சையில் இரண்டு சாதி இருக்கிறது. இப்போது பரவலாகக் கிடைக்கும் பளிச் பச்சை 520, 525 நானோமீட்டர். அங்கே சாயம் தனியாக இருந்தாலும் ஒளியை விழுங்கும், சிர்கோனியத்தோடு சேர்ந்திருந்தாலும் விழுங்கும். வித்தியாசம் தெரியாது. நமக்கு வேண்டியது பழைய டேப்ரெக்கார்டர், ஸ்டெபிலைசர் முகப்பில் மங்கலாக எரியுமே, அந்த மஞ்சள்பச்சை. அது 565 முதல் 570க்குள் இருக்கும். கண்ணாடி மாதிரித் தெளிவான மூக்கோடு, கொஞ்சம் கூடுதல் வெளிச்சம் தரும் 570 எல்இடியும் உண்டு. கிடைத்தால் அதையே எடுங்கள்.

கடைக்காரருக்கு அலைநீளம் தெரியாமல் இருக்கலாம். மல்டிமீட்டர் போதும். எல்இடி எரியும்போது அதன் இரு காலுக்கும் இடையில் 2 வோல்ட்டை ஒட்டி இருந்தால் மஞ்சள்பச்சை. 3 வோல்ட் இருந்தால் பளிச் பச்சை. (பளிச் பச்சையைத் தூக்கிப் போடாதீர்கள், அதற்கும் ஒரு வேலை இருக்கிறது. பின்னால் சொல்கிறேன்.)

உணரி

ஒளி பட்டால் மின்தடை மாறும் எல்டிஆர் பத்து ரூபாய்க்குள் கிடைக்கும். பள்ளி அறிவியல் கண்காட்சிக்குச் சரி, அளப்பதற்கு வேண்டாம். மெதுவாக நிலைக்கு வரும், கொஞ்ச நேரம் முன்பு பட்ட வெளிச்சத்தை ஞாபகம் வைத்திருக்கும், ஒளிக்கும் மின்தடைக்கும் நேர்கோட்டு உறவும் இல்லை. பிபிடபிள்யு34 போன்ற ஒளி டயோடு அருமையான பொருள். ஆனால் அதன் மிகச் சிறிய மின்னோட்டத்தைப் பெருக்க ஆப்-ஆம்ப் சுற்று கட்டவேண்டும், கட்டியதில் இரைச்சல் வராமலும் பார்க்கவேண்டும்.

நான் வைத்தது பிஎச்1750. மொபைல் திரையின் வெளிச்சத்தைச் சரிசெய்ய உண்டான சில்லு. சின்ன மாட்யூலாக நூறு, நூற்றைம்பது ரூபாய்க்குக் கிடைக்கிறது. ஒளியை அதுவே எண்ணாக மாற்றி இரண்டு கம்பியில் அனுப்பிவிடும். மனிதக் கண் போலவே 560 நானோமீட்டர் பக்கம்தான் அதற்குக் கூர்மை அதிகம், நம் 570க்குப் பக்கத்து வீடு. வாங்கும்போது மேலே வெள்ளைக் குமிழ் வைத்த மாட்யூலை எடுக்காதீர்கள், தட்டையானதை எடுங்கள். நிறம் பல அலைநீளத்தில் வேண்டுமென்றால் ஏஎஸ்7341 இருக்கிறது, 415 முதல் 680 நானோமீட்டர் வரை எட்டு தடங்களில் பார்க்கும். இப்போதைக்கு அது அதிகம்.

மற்றவை: ஆர்டுயினோ நானோ (நிரல் ஏற்றி ஓட்டும் சின்ன போர்டு) ஒன்று, 0.96 அங்குல ஓஎல்இடி திரை, 220 ஓம் மின்தடை, இரண்டு 18650 லித்தியம் பேட்டரி செல்லும் ஹோல்டரும், ஒரு சுவிட்ச். அப்புறம் ஆய்வகப் பொருள் கடையில் 10 மில்லிமீட்டர் பிளாஸ்டிக் குவெட் (கரைசலை ஊற்றி ஒளியில் வைக்கும் சதுரக் குப்பி) ஒரு பாக்கெட். வெளிப்பக்கம் 12.5 மில்லிமீட்டர் சதுரமாக இருக்கும், மூன்றரை மில்லிக்குக் குறையாமல் பிடிக்கும். ஊசி மருந்துக் குப்பி சும்மா கிடைக்கிறதே என்று அதை வைத்தால், உருண்டைக் கண்ணாடி லென்ஸ் மாதிரி ஒளியை வளைக்கும். ஒவ்வொரு முறை திரும்பி உட்காரும்போதும் ஒவ்வொரு எண் வரும்.

பெட்டி கட்டுவது

கரண்ட் வேலைக்கு வாங்கும் பிவிசி பெட்டி போதும். உள்ளே மரத்துண்டிலோ ரப்பர் ஷீட்டை அடுக்கி ஒட்டியோ குவெட் இறுக்கமாக உட்காரும் ஒரு சதுரக் குழி செய்யுங்கள். ஆடக்கூடாது. குழியின் எதிரெதிர்ப் பக்கங்களில், அடியிலிருந்து ஒன்றரை சென்டிமீட்டர் உயரத்தில் ஒரே நேர்கோட்டில் துளை போடுங்கள். எல்இடி பக்கம் 5 மில்லிமீட்டர், உணரி பக்கம் 3 மில்லிமீட்டர். உணரியையும் எல்இடியையும் குவெட்டுக்கு எவ்வளவு நெருக்கமாக வைக்க முடியுமோ அவ்வளவு நெருக்கமாக வையுங்கள். மஞ்சள்பச்சை எல்இடிக்கு வெளிச்சம் குறைவு. தூரம் இரண்டு மடங்கானால் ஒளி கால் பங்காகிவிடும்.

உள்ளே எல்லாம் பளபளப்பில்லாத கருப்பு. பளபளக்கும் கருப்பு பெயிண்ட் கண்ணுக்குக் கருப்பு, ஒளிக்குக் கண்ணாடி. கருப்பு சார்ட் பேப்பர் ஒட்டினாலே போதும், நான் பிளவுஸ் தைத்த மிச்ச வெல்வெட் துணியை ஒட்டினேன். மூடியின் ஓரத்திலும் ஒரு வரிசை வெல்வெட். குவெட் மேலேயும் தனியாக ஒரு தொப்பி வேண்டும். முப்பரிமாண அச்சில் செய்த கருப்புப் பெட்டி அழகாக இருக்கும், ஆனால் சுவர் மெலிதாக இருந்தால் ஒளி ஊடுருவும். டார்ச்சை வெளியே வைத்து உள்ளே பாருங்கள்.

திரையின் வெளிச்சம் உள்ளே வராமல் அதற்குத் தனி அறை விடுங்கள். இதை நான் முதலில் விட்டுவிட்டேன். ஒவ்வொரு முறை எண் மாறும்போதும் அளவும் மாறியது. திரை தன் எண்ணைத் தானே மாற்றிக்கொண்டிருந்தது!

மின்சாரமும் இணைப்பும்

மொபைல் பவர்பேங்க் வைக்கலாமே என்று தோன்றும். பல பவர்பேங்குகள் இவ்வளவு குறைந்த மின்னோட்டம் ஓடினால் எதுவும் இணைக்கவில்லை என்று நினைத்து அணைந்துவிடும். யூஎஸ்பி மூலம் கொடுத்தால் நானோவின் 5 வோல்ட், மூலத்தின் ஏற்ற இறக்கத்தை அப்படியே வாங்கிக்கொள்ளும், எல்இடி வெளிச்சமும் கூடவே ஆடும். இரண்டு செல்லைத் தொடராக இணைத்தால் 7.4 வோல்ட் வரும். அதை நானோவின் வின் (VIN) என்ற முனையில் கொடுங்கள். போர்டிலேயே இருக்கும் ரெகுலேட்டர் நிலையான 5 வோல்ட் தரும். எல்இடிக்கு 220 ஓம் வழியாக அந்த 5 வோல்ட்டையே கொடுத்தால் சுமார் 13 மில்லிஆம்பியர் ஓடும்.

உணரியும் திரையும் ஒரே இரண்டு கம்பியைப் பகிர்ந்துகொள்ளலாம். தரவுக் கம்பி ஏ4, கடிகாரக் கம்பி ஏ5. இரண்டின் முகவரியும் வேறு என்பதால் மோதாது.

எல்இடியை அளக்கும்போது மட்டும் போட்டு அணைக்காதீர்கள். சூடு ஏறினால் வெளிச்சம் குறையும் ஜாதி அது. பெட்டியைப் போட்டுப் பத்து நிமிடம் எரியவிட்டு, சூடு ஒரு நிலைக்கு வந்தபின் தொடங்குங்கள். இருட்டு எண் பார்க்க மட்டும் அணைக்க ஒரு சுவிட்ச் போதும்.

நிரல்

பிஎச்1750க்கு நூலகம் ஆர்டுயினோ மென்பொருளிலேயே தேடினால் கிடைக்கும். சாதாரண அமைப்பில் 1 லக்ஸ் (வெளிச்சத்தின் அலகு) படியாகத்தான் எண்ணும். மங்கலான எல்இடிக்கு அது போதாது. இரண்டாவது உயர்துல்லிய முறையைத் தேர்ந்தெடுங்கள், அளக்கும் நேரத்துக்கான அமைப்பு எண்ணை வழக்கமான 69இலிருந்து உச்சமான 254க்கு ஏற்றுங்கள். இப்போது ஒரு படி சுமார் 0.11 லக்ஸ். ஒரு அளவுக்குக் கிட்டத்தட்ட அரை நொடி ஆகும், ஆகட்டும். பதினாறு முறை அளந்து சராசரி எடுத்துத் திரையில் காட்டச் சொல்லுங்கள். கூடவே பதினாறில் பெரியதற்கும் சிறியதற்கும் உள்ள இடைவெளியையும் காட்டச் சொல்லுங்கள். அந்த இரண்டாவது எண்தான் உங்கள் காவல்காரன். குமிழியோ ஆட்டமோ இருந்தால் அது பெரிதாகும்.

மில்லிகிராமை நிரலே கணக்கிட்டுச் சொல்லவேண்டும் என்று அவசரப்படாதீர்கள். முதல் இரண்டு மாதம் நோட்டில் கையால் கணக்கு போடுங்கள். எங்கே தப்பு நடக்கிறது என்று அப்போதுதான் பிடிபடும்.

கரைசலுக்கு முன் மூன்று சோதனை

நல்ல மத்தியான வெயிலில் பெட்டியை வைத்து எல்இடியை அணைத்து அளங்கள். பூஜ்யம் வரவேண்டும். வராவிட்டால் ஒளி கசிகிறது, வெல்வெட் வேலை இன்னும் பாக்கி. இரண்டாவது: காய்ச்சி வடித்த நீர் நிரப்பிய குவெட்டை வைத்துப் பத்து நிமிடம் எண்ணைக் கவனியுங்கள். ஒரே திசையில் நகர்ந்துகொண்டே போனால் சூடு இன்னும் நிலைக்கவில்லை, அல்லது செல் இறங்குகிறது. மூன்றாவதுதான் கறாரானது. அதே குவெட்டை எடுத்துத் திரும்ப வையுங்கள், பத்து தடவை. நூற்றுக்கு ஒன்றுக்கு மேல் எண் மாறினால் குழி தளர்வு. குவெட்டின் ஒரு முகத்தில் மேல் ஓரமாக மார்க்கர் புள்ளி வைத்து, எப்போதும் அந்தப் புள்ளி எல்இடியைப் பார்க்கும்படி வையுங்கள். வழவழப்பான இரண்டு முகத்தைக் கைவிரலால் தொடாதீர்கள்.

ரீஏஜெண்டும் தெரிந்த அளவுக் கரைசலும்

சிர்கோனியம்–ஸ்பேண்ட்ஸ் ரீஏஜெண்ட், அதாவது தண்ணீரில் விடவேண்டிய அந்தச் சிவப்புச் சாயக் கலவை, ஆய்வக வேதிப்பொருள் கடைகளில் கலந்தே கிடைக்கும். அதையே வாங்குங்கள். வீட்டில் கலக்க அடர் ஹைட்ரோகுளோரிக் அமிலம் வேண்டும், அது புகையும். கலந்த ரீஏஜெண்டும் கடும் அமிலம்தான். கையுறை, கண்ணாடி இல்லாமல் திறக்கவேண்டாம், பிள்ளைகள் கைக்கு எட்டும் இடத்தில் வைக்கவும் வேண்டாம். இருட்டில் வைத்தால் நெடுநாள் கெடாது.

அடுத்து, நம் அளவுகோல். சோடியம் ஃப்ளோரைடு 0.221 கிராம் ஒரு லிட்டர் காய்ச்சி வடித்த நீரில் கரைந்தால் லிட்டருக்கு 100 மில்லிகிராம் ஃப்ளோரைடு. இந்தப் பொடி விஷம். நகைக்கடைத் தராசில் 0.221 கிராமை நம்பி நிறுக்கவும் முடியாது. எனவே இதை மட்டும் ஒரு கல்லூரி வேதியியல் துறையில் கேட்டு வாங்குங்கள், அல்லது சான்றளித்த கரைசலாகக் கடையில் வாங்குங்கள். உங்கள் ஒவ்வொரு முடிவும் இந்த ஒரு பாட்டிலின் மேல்தான் நிற்கும். கண்ணாடிப் பாட்டிலில் வைக்காமல் பிளாஸ்டிக்கில் வையுங்கள்.

அதில் 10 மில்லியை 100 மில்லியாக்கினால் லிட்டருக்கு 10 மில்லிகிராம். அதிலிருந்து 5, 10, 14 மில்லி எடுத்து ஒவ்வொன்றையும் 100 மில்லியாக்கினால் 0.5, 1.0, 1.4. வெறும் காய்ச்சி வடித்த நீர், பூஜ்யம். நான்கு பாட்டில் ஆயிற்று. 1.4க்கு மேல் போகாதீர்கள், அதற்கப்புறம் கோடு நேராக இருக்காது.

பிப்பெட் இல்லாதவர்களுக்கு ஒரு வழி: இவ்வளவு நீர்த்த கரைசலில் ஒரு மில்லி ஒரு கிராம்தான். 0.01 கிராம் காட்டும் சின்னத் தராசில் பாட்டிலை வைத்து, சிரிஞ்சால் சொட்டுச் சொட்டாக விட்டு நிறுத்துவது சிரிஞ்சின் கோட்டை நம்புவதை விட எவ்வளவோ மேல்.

அளக்கும் நாள்

தண்ணீர் எடுக்கும்போது போர் மோட்டாரை ஐந்து பத்து நிமிடம் ஓடவிட்டுப் பிடியுங்கள். குழாயில் நேற்றிலிருந்து நின்ற தண்ணீர் வேண்டாம். புது பிளாஸ்டிக் பாட்டில், அதே தண்ணீரில் மூன்று தடவை அலசியது. கலங்கலாக இருந்தால் தெளியவிட்டு வடிகட்டுங்கள். மண் துகள் ஒளியைச் சிதறடிக்கும், உணரிக்கு அது நிறமா தூசியா என்று தெரியாது.

பலரும் தாண்டிப்போகும் படி இனித்தான்: சூடு. இந்த வேதிவினை வெப்பத்தைப் பொறுத்தது. அளவுக் கரைசலுக்கும் நம் தண்ணீருக்கும் 2 டிகிரிக்கு மேல் வித்தியாசம் இருக்கக்கூடாது. வெயிலில் பைக்கில் வந்த பாட்டிலும் அலமாரியில் இருந்த பாட்டிலும் ஒன்றாக இருக்குமா? எல்லா பாட்டிலையும், ரீஏஜெண்டையும் சேர்த்து, ஒரு வாளித் தண்ணீரில் அரை மணி நேரம் ஒன்றாக நிற்க வையுங்கள். செலவில்லாத வெப்பச் சீராக்கி.

சிறு பிளாஸ்டிக் குப்பிகளில் 10 மில்லி தண்ணீருக்கு 2 மில்லி ரீஏஜெண்ட், துல்லியமாக. ரீஏஜெண்டில்தான் மொத்த நிறமும் இருக்கிறது என்பதால் இதில் ஒரு சொட்டுக் கூடினாலும் முடிவு மாறும். இதையும் தராசில் வைத்தே விடுங்கள். ரீஏஜெண்ட் அமிலம் என்பதால் தண்ணீரை விடக் கனம். அது 2.00 கிராமா 2.15 கிராமா என்பது முக்கியமில்லை, எல்லாக் குப்பிக்கும் ஒரே எடை என்பதுதான் முக்கியம். மூடிக் கலக்கிக் குமிழி அடங்கவிட்டு, ஒரே குவெட்டில் ஒன்றன்பின் ஒன்றாக அளங்கள். ஒவ்வொரு முறையும் அடுத்த கரைசலாலேயே ஒரு அலசு. வரிசை: பூஜ்யம், 0.5, 1.0, 1.4, நம் தண்ணீர்கள், கடைசியில் மறுபடி பூஜ்யம். முதல் பூஜ்யமும் கடைசிப் பூஜ்யமும் ஒத்துப்போகவில்லையா, இடையில் எதையோ சூடோ செல்லோ நகர்த்திவிட்டது. அந்த வரிசையைத் தூக்கிப் போட்டுவிட்டு மறுபடி செய்யுங்கள். நான் ஒத்துப்போகாததை "சரி, கிட்டத்தட்ட தானே" என்று விட்டு, ஒரு வீட்டுக்குத் தப்பான எண் சொல்லி, மறுநாள் போய்த் திருத்திச் சொல்லவேண்டி வந்தது.

கணக்கு

நம் தண்ணீரின் ஒளி எண்ணைப் பூஜ்யக் கரைசலின் ஒளி எண்ணால் வகுத்து, பத்தடி மடக்கை எடுக்கவேண்டும். மொபைல் கால்குலேட்டரைப் படுக்கவைத்தால் மடக்கைப் பொத்தான் வரும். புரிவதற்காகச் சில எண்களை எடுத்துக்கொள்வோம். பூஜ்யத்துக்கு 180, 1.0 மில்லிகிராமுக்கு 240 வந்தது என்றால், 240ஐ 180ஆல் வகுக்க 1.333. அதன் மடக்கை 0.125. அதாவது ஒரு மில்லிகிராமுக்கு 0.125. நம் தண்ணீருக்கு 225 வந்தால், 1.25இன் மடக்கை 0.097. இதை 0.125ஆல் வகுக்க 0.78 மில்லிகிராம்.

ஒரு புள்ளியை வைத்து மட்டும் கோடு போடாமல், நான்கு புள்ளியையும் வரைபடத் தாளில் வைத்து அளவுகோலால் கோடு இழுங்கள். ஒரு புள்ளி மட்டும் விலகி நின்றால் அந்தப் பாட்டில் கலந்தது தப்பு. எல்லாமே வளைந்தால் பெட்டிக்குள் எங்கிருந்தோ குவெட்டைத் தாண்டி ஒளி வந்துகொண்டிருக்கிறது. விடை 1.4க்கு மேல் வந்தால், தண்ணீரை அதே அளவு காய்ச்சி வடித்த நீரோடு கலந்து மறுபடி அளந்து, இரண்டால் பெருக்குங்கள்.

ஏமாற்றும் தண்ணீர்கள்

குளோரின் போட்ட குழாய்த் தண்ணீர் சாயத்தையே வெளுக்கும். ஃப்ளோரைடு கூடுதல் என்று பெட்டி பொய் சொல்லும். அகலப் பாத்திரத்தில் ஒரு நாள் திறந்து வைத்து, குளோரின் போய்விட்டதை உறுதி செய்துகொண்டு அளங்கள். சல்பேட்டும் பாஸ்பேட்டும் நிறைய இருந்தாலும் எண் கொஞ்சம் கூடும்.

அலுமினியம் இதற்கு நேரெதிர். அது ஃப்ளோரைடைத் தன்னோடு கட்டிவைத்து எண்ணைக் குறைத்துக் காட்டும். லிட்டருக்கு 0.1 மில்லிகிராம் அலுமினியமே 0.1 அளவுக்குப் பிழை உண்டாக்கும். இது எங்கே வம்பாகிறது என்றால், ஃப்ளோரைடை எடுக்கும் நல்கொண்டா முறையில் போடுவதே படிகாரமும் சுண்ணாம்பும்தான். படிகாரத்தில் இருப்பது அலுமினியம். ஆக, சுத்தம் செய்த தண்ணீரை உடனே அளந்தால், உள்ளதை விடச் சுத்தமாகத் தெரியும். வழி இருக்கிறது: ரீஏஜெண்ட் கலந்து இரண்டு மணி நேரம் விட்டு அளந்தால் 3 மில்லிகிராம் அலுமினியம் வரை தாங்கும். அளவுக் கரைசல்களையும் அதே இரண்டு மணி நேரம் காக்கவையுங்கள்.

மிஞ்சிய கரைசலைக் கிணற்றடியில் ஊற்றாதீர்கள். பழைய பிளாஸ்டிக் கேனில் சேர்த்து, சமையல் சோடாவைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டு நுரை நிற்கும்வரை அமிலத்தை அடக்கி, கிணறு, போர், மாட்டுத் தொட்டி எல்லாவற்றுக்கும் தூரமாக அப்புறப்படுத்துங்கள்.

அதே பெட்டி, வேறு வேலை

எடுத்து வைத்த பளிச் பச்சை எல்இடி இரும்புக்கு. ஃபினாந்த்ரோலின் என்ற வேதிப்பொருள் இரும்போடு சேர்ந்தால் ஆரஞ்சுச் சிவப்பு வரும், அதை 510 நானோமீட்டரில் அளப்பது வழக்கம். 520 எல்இடி அதற்குப் போதும். நைட்ரைட்டின் இளஞ்சிவப்பை 540 பக்கம் பார்ப்பார்கள், அதற்கும் இது ஓரளவு ஒப்பேறும். உரம் போட்ட தோட்டத்துக் கிணற்றில் கவலை நைட்ரேட்டைப் பற்றித்தான், வரம்பு 45 மில்லிகிராம். ஆனால் அதை முதலில் நைட்ரைட்டாக மாற்றவேண்டும், அந்தப் படியில்தான் பிழை புகும்.

கிருமி விஷயத்துக்கு எச்2எஸ் குப்பி உண்டு. மஞ்சா என்ற ஆய்வாளரும் கூட்டாளிகளும் 1982இல் வெளியிட்ட எளிய இந்திய முறை. மலக்கழிவு கலந்த தண்ணீர் என்றால் குப்பி கருப்பாகும். அதற்கு இந்தப் பெட்டி தேவையே இல்லை, கண் போதும். ஆனால் குப்பியைப் பெட்டிக்குள் வைத்து இரவெல்லாம் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை எண்ணைக் குறித்தால் எப்போது கருக்கத் தொடங்கியது என்று தெரியும்.

எனக்கு ஆசை பால் மேல்தான். மீனாட்சிபுரம் சோதனைச்சாவடியில் ஓணக் காலத்தில் வெளியூர்ப் பாலைச் சோதிப்பதைப் பார்த்திருப்பீர்கள். பாலில் மெத்திலின் நீலம் போட்டு 37 டிகிரியில் வைத்தால், கிருமி அதிகமுள்ள பாலில் நீலம் சீக்கிரம் மறையும். அரை மணிக்குள் மறைந்தால் மோசம், ஐந்து மணி தாண்டினால் நல்ல பால். எப்போது மறைந்தது என்று ஆள் உட்கார்ந்து பார்க்காமல் உணரி பார்க்கலாம். பாலுக்குள் ஒளி ஊடுருவாது என்பதால் எல்இடியும் உணரியும் ஒரே பக்கம் இருக்கவேண்டும், எல்இடி 660 சிவப்பாக இருக்கவேண்டும். அங்கே பிஎச்1750க்குக் கண் மங்கல், வேறு உணரி வேண்டும். கட்டிக்கொண்டிருக்கிறேன்.

பெட்டி சொன்னதை எவ்வளவு நம்பலாம்

முதல் பத்து தண்ணீரையாவது இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியை ஆய்வகத்துக்கு அனுப்புங்கள். இந்தப் பக்கம் கேரள வாட்டர் அத்தாரிட்டியின் தரப் பரிசோதனைக் கூடம், அந்தப் பக்கம் தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் கூடம். இரண்டு எண்ணையும் ஒரே பக்கத்தில் எழுதுங்கள். உங்கள் எண் எப்போதும் ஒரே பக்கம் சாய்ந்தால் அளவுக் கரைசலைச் சந்தேகப்படுங்கள், அங்குமிங்கும் சிதறினால் கையை. ஊர்ச் சண்டையிலோ வழக்கிலோ இந்தப் பெட்டியின் எண்ணைச் சான்றாக நீட்டவேண்டாம். எந்தப் போர் தண்ணீரை ஆய்வகத்துக்கு அனுப்பவேண்டும் என்று பிரித்துக் காட்டத்தான் இது.

நோட்டில் தேதி, நேரம், எந்தக் கிணறு, எத்தனை அடி, மோட்டார் எவ்வளவு நேரம் ஓடியது, முதல் பூஜ்யம், கடைசிப் பூஜ்யம் எல்லாம் எழுதுங்கள். கோடையிலும் மழைக்குப் பின்னும் ஒரே கிணறு வேறு எண் காட்டும்.

ஒழலப்பதி அக்காவின் கிணற்றுத் தண்ணீர் 0.6. போர் தண்ணீர் அளவு தாண்டிப் போனதால் பாதிக்குப் பாதி கலந்து அளந்தேன், பெருக்கியதில் 1.8. ஆய்வகச் சீட்டு மூன்று வாரம் கழித்து வந்தது, 1.7. "அப்ப கிட்டு பார்த்த ரெண்டு பேருமே தப்புதானா?" என்றார். கிணற்றைக் குடிக்கவும் சமைக்கவும் வைத்துக்கொண்டு, போரைத் துவைக்கவும் தென்னைக்கும் விட்டிருக்கிறார். மாசியில் கிணறு வற்றினால் என்ன செய்வது என்று கேட்டிருக்கிறார். அடுத்த வீட்டுக் கிணற்றிலிருந்து ஒரு பாட்டில் கொண்டுவரச் சொல்லியிருக்கிறேன்.